சின்ன பிக்கப்பில் ஆல்-சீசன் டயர்: தொந்தரவை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பின்சக்கர இயக்கம் கொண்ட 2010ஆம் ஆண்டு ஃபோர்டு ரேஞ்சர் என்ற சின்ன பிக்கப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டி வருகிறேன். இதுவரை மூன்று முறை நான்கு டயர்களையும் மாற்றியிருக்கிறேன். மூன்று முறையும் ஆல்-சீசன், அதாவது எல்லாப் பருவத்துக்குமான வகைதான். முதல் செட் உரிய காலத்துக்கு வெகு முன்பே தேய்ந்துபோனது. இரண்டாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் உழைத்தது. இரண்டும் தரத்தில் பெரிதும் வேறுபட்டவை அல்ல. நான் அவற்றைக் கவனித்த விதம்தான் மாறியிருந்தது. சின்ன பிக்கப்பின் சிக்கல் என்னவென்றால், காலியாக ஓடும்போது எடையின் பெரும்பங்கு முன்னச்சின் மேல் நிற்கிறது, சரக்கு ஏற்றியவுடன் பின்னச்சின் மேல் வந்து உட்காருகிறது. ஒரே டயர், ஒரே காற்று, ஆனால் இரண்டு வேறு வண்டிகளின் வேலை. கீழே சொல்லியிருக்கும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

எந்தத் தொந்தரவானாலும் முதலில் அளக்க வேண்டியவை

வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்று டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவைக் குறிக்கிறது. அதைப் பார்த்துக் காற்றுப் பிடிக்கக் கூடாது. என் முதல் செட்டைப் பூட்டிய கடையில் அந்த உச்ச அளவான 44 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அலகு) வரை நான்கு டயரிலும் அடித்துவிட்டார்கள். நானும் சரிபார்க்காமல் மாதக்கணக்கில் ஓட்டினேன். அதன் விளைவைத் தேய்மானப் பகுதியில் சொல்கிறேன்.

அடுத்து பட்டனின் ஆழம், அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடுகளுக்கு (பட்டன்களுக்கு) இடையே உள்ள பள்ளத்தின் ஆழம். அமெரிக்காவில் இதை அங்குலத்தின் 32இல் ஒரு பங்கு என்ற அலகில் சொல்வார்கள். புதிய ஆல்-சீசன் டயரில் பொதுவாக 10 அல்லது 11 பங்கு, அதாவது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படியான கீழ் எல்லை 2 பங்கு, அதாவது 1.6 மில்லிமீட்டர், பள்ளத்தின் அடியில் குறுக்கே போட்டிருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டுவதற்காகவே வைக்கப்பட்டவை. அளவுகோல் கையில் இல்லையென்றால் 25 சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகிப் பாருங்கள். நாணயத்தில் இருக்கும் வாஷிங்டனின் உச்சந்தலை பட்டனுக்குள் மறையாமல் முழுவதும் தெரிந்தால் ஆழம் 4 பங்குக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். ஒரு டயரில் உள் ஓரம், நடு, வெளி ஓரம் ஆகிய மூன்று இடங்களிலும் அளந்து, தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு எந்த மெக்கானிக்கிடம் போனாலும், அந்த ஒரு பக்கம் அவருடைய நேரத்தையும் உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் நடுக்கம்

நடுக்கம் எங்கே தெரிகிறது என்று முதலில் கவனியுங்கள். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம்; இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டியதும் குறைந்தால் பேலன்சிங் கோளாறாக, அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எடையைச் சமப்படுத்த ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக்கட்டி விழுந்த இடத்தில் சதுரமாக ஒரு சுத்தமான தடம் தெரிகிறதா என்று பாருங்கள். குளிர்காலமென்றால் அதற்கும் முன்பாக ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டி இறுகிய பனிக்கட்டி மட்டுமே இதே நடுக்கத்தை உண்டாக்கும், அதைத் தட்டி எடுத்தால் கோளாறு அத்துடன் தீர்ந்துவிடும். பல வாரங்கள் அசையாமல் நின்ற வண்டியானால், தரையைத் தொட்ட இடம் தட்டையாகி முதல் சில கிலோமீட்டர் தடதடக்கும். டயர் சூடானதும் நின்றுவிட்டால் கவலையில்லை.

பேலன்சிங் செய்த பிறகும் நடுக்கம் நீடித்தால் ரிம் வளைந்திருக்கிறதா என்று சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உறைந்து உருகும் தண்ணீரால் மிச்சிகன் சாலைகளில் விழும் குழிகள் ரிம்மை வளைப்பதற்குப் பேர்போனவை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்தவுடன் அடங்கினால் டயரை விட்டுவிட்டு, பின்னச்சுக்குப் போகும் நீண்ட ஷாஃப்டின் மூட்டான யூ-ஜாயின்ட்டைச் சோதியுங்கள். பின்சக்கர இயக்கமுள்ள பழைய பிக்கப்பில் அது தேய்வது வழக்கம்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது

அமெரிக்கச் சாலைகள் தண்ணீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சற்றே சரிந்திருப்பதால், வலப்பக்கம் மெல்ல ஒதுங்குவது இயல்பு. அதற்கும் மேல் இழுத்தால், காற்றழுத்தம் இருபுறமும் சமமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள் (ஒரே திசையில் மட்டும் சுழலும் அம்புக்குறி போட்ட டயரில் இதைச் செய்யக் கூடாது). இழுப்பு எதிர்ப்பக்கத்துக்குப் போனால் கோளாறு டயரின் உள்கட்டில் இருக்கிறது. உத்தரவாதம் இருக்கும்போதே கடைக்காரரிடம் காட்டிவிட வேண்டும். அதே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) கெட்டிருக்கிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறிது தூரம் ஓட்டியபின் ஒரு சக்கரத்தின் ரிம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் பிரேக்தான்.

தேய்மானம் சீராக இல்லை

டயர் அதிகம் பேசும் இடம் இது. என் முதல் செட்டில் பின்டயர்களை 20,000 மைலில் அளந்தபோது இரு ஓரங்களிலும் 7 பங்கும் நடுவில் 4 பங்கும் இருந்தன. பார்வைக்கு டயர் நன்றாகவே தெரிந்தது. அளவுகோலின் ஊசியை வைத்தபோதுதான் நடுப்பகுதி மொட்டையாகிக்கொண்டிருப்பது புரிந்தது. காலியாக ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் எடை குறைவு; அதில் காற்றை மிகையாக அடித்தால் டயர் நடுவில் புடைத்து, அந்தப் புடைப்பு மட்டுமே தரையைத் தேய்க்கும். நான்கு டயருக்கும் ஒரே கேடுதான் செய்யப்பட்டது என்றாலும் எஞ்சினின் எடையைச் சுமக்கும் முன்டயர்களில் அது அவ்வளவாக வெளிப்படவில்லை. கதவுத் தூணில் இருந்த அளவுக்கு இறக்கிய பிறகு, நடுப்பகுதிக்கும் ஓரத்துக்குமான வேறுபாடு மேலும் வளரவில்லை. போனது மட்டும் திரும்ப வரவில்லை.

இரு ஓரங்களும் ஒரே அளவில் தேய்ந்து நடுப்பகுதி உயர்ந்து நின்றால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது நீண்ட நாள் அளவுக்கு மீறிச் சுமந்திருக்கிறது. முன்டயரில் ஒரே ஓரம் தேய்ந்தால் கேம்பர், அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்து நிற்கும் கோணம் கெட்டிருக்கிறது. ரேஞ்சர் போன்ற பிக்கப்பின் பின்னச்சு ஒரே திடமான குழாயாக இருப்பதால் அங்கே இந்தக் கோணத்தைத் திருத்துவதற்குத் திருகு எதுவும் கிடையாது. பின்டயரில் ஒரே ஓரம் தேய்கிறது என்றால் அச்சு வளைந்திருக்கிறதா, லீஃப் ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ-போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதைப் பார்க்காமல் அலைன்மென்ட்டுக்கு மட்டும் பணம் கட்டுவது வீண்.

கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். வண்டியை நிறுத்தி, உள்ளங்கையை முன்டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே ஒரு முறையும், உள்ளிருந்து வெளியே ஒரு முறையும் தடவிப் பாருங்கள். இரும்புக் கம்பி ஏதேனும் நீட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் கையுறையோடு மெதுவாகச் செய்ய வேண்டும். ஒரு திசையில் வழவழப்பாகவும், மறுதிசையில் ரம்பப் பல்லைப் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. அதாவது இரண்டு முன்சக்கரங்களும் இணையாக நிற்காமல், முன்முனையில் குவிந்தோ விரிந்தோ நிற்கின்றன. இந்தக் கோளாறு டயரை மிக விரைவாகத் தின்றுவிடும் என்பதால் அடுத்த சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். சுற்றுவட்டத்தில் இடையிடையே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. காலியான பின்பக்கம் துள்ளுவதால் பிக்கப்பின் பின்டயரில் இந்தக் குழிகள் மற்ற வண்டிகளைவிட எளிதில் விழுகின்றன.

இடம் மாற்றிப் பூட்டுவதை 5,000 முதல் 7,500 மைலுக்கு ஒருமுறை செய்துவிட வேண்டும். பின்சக்கர இயக்கத்தில் பின்டயர்கள் அதே பக்கத்தில் நேராக முன்னே வரும். முன்டயர்கள் பக்கம் மாறிக் குறுக்காகப் பின்னே போகும். இரண்டாவது செட் நெடுநாள் உழைத்ததற்கு, காற்றழுத்தத்துக்கு அடுத்தபடியாக, இந்த ஒரு பழக்கத்தையே காரணமாகச் சொல்வேன்.

முனகல் சத்தம் கூடிக்கொண்டே போகிறது

டயரா, பேரிங்கா என்பதுதான் இங்கே கேள்வி. காங்கிரீட்டிலிருந்து புதிய தார்ச்சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மை மாறினால் டயர். சாலை மாறினாலும் சத்தம் மாறாமல், ஆளில்லாத அகலமான இடத்தில் வண்டியை இடமும் வலமும் மெல்ல வளைக்கும்போது கூடிக் குறைந்தால் பேரிங். வளைக்கும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் விழுவதால், இடப்பக்கம் திரும்பும்போது கூடும் சத்தம் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்கிலிருந்து வருகிறது. டயர்தான் என்று தெரிந்தால் முந்தைய பகுதியில் சொன்ன ரம்பப் பல்லையும் குழியையும் தேடுங்கள். இடம் மாற்றியவுடன் சத்தமும் முன்னிருந்து பின்னுக்குப் போய்விட்டால் சந்தேகம் தீர்ந்தது.

மழையில் பின்பக்கம் வழுக்குகிறது

இதை எந்த நிலையிலும் அலட்சியம் செய்யக் கூடாது. ஆல்-சீசன் டயரின் பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியேற்றினால்தான் ரப்பர் சாலையைத் தொடும். ஆழம் 4 பங்குக்குக் கீழே வந்ததும், சட்டம் இன்னும் இடம் கொடுத்தாலும், அந்த வேலை தெளிவாகக் குறைந்துவிடுகிறது. எடை இல்லாத பின்னச்சில் அது இன்னும் முன்னதாகவே தெரியும். பாலத்திலிருந்து இறங்கும் வளைவில், தேங்கிய தண்ணீரின் மேல், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகி, பின்பக்கம் தானாக ஒரு சாண் விலகியதை ஒரு முறை உணர்ந்திருக்கிறேன். அப்போது செய்ய வேண்டியது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைப் போக வேண்டிய திசையில் அமைதியாகப் பிடிப்பது மட்டுமே. பிரேக்கை அழுத்தி மிதித்தால் வண்டி சுழன்றுவிடும்.

இரண்டு டயர் மட்டும் வாங்க முடிகிற நிலையில், புதியவற்றை முன்னே போடுவதா பின்னே போடுவதா என்று பலரும் கேட்கிறார்கள். பின்னேதான் போட வேண்டும். டயர் நிறுவனங்களும் அதையே பரிந்துரைக்கின்றன. முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஓட்டுபவர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்டயர் வழுக்கினால் வண்டி திரும்பிவிடும். அதை மீட்பது பழகிய கைக்கும் கடினம். பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

பனியில் நகரவில்லை, நிற்கவும் இல்லை

பக்கச் சுவரில் எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருப்பதைப் பார்த்துப் பனிக்கும் இது போதும் என்று எண்ணிவிடுகிறோம். அந்தக் குறி பட்டன்களின் அமைப்பையும் இடைவெளியையும் வைத்து மட்டுமே தரப்படுவது. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று அல்ல. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் இருந்தால்தான், இறுகிய பனியில் இழுவையைச் சோதித்துத் தேறிய டயர் என்று பொருள். அந்தச் சோதனையும் வண்டி கிளம்பும்போது கிடைக்கும் பிடியைத்தான் அளக்கிறது, பனிக்கட்டியின் மேல் பிரேக் பிடிப்பதை அளப்பதில்லை என்பதை மனத்தில் வைக்க வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண ஆல்-சீசன் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. பனியே பெய்யாத வறண்ட சாலையிலும் பிடி குறைவதற்கு இதுவே காரணம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான பயணிகள் வாகனங்களுக்குக் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். மிச்சிகனில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. முடிவு நம் கையில் இருக்கிறது.

ஆல்-சீசனை வைத்தே குளிர்காலத்தைக் கடத்துவதானால் பின்னச்சின் மேல் எடை வேண்டும். நான் 60 பவுண்டு மணல் மூட்டை நான்கை நவம்பர் இறுதியில் ஏற்றி, மார்ச் இறுதியில் இறக்குகிறேன். மூட்டைகள் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பின்கதவை ஒட்டி வைத்தால் நெம்புகோலைப் போல முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டீயரிங்கின் பிடியைக் குறைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது முன்னே பாயாதபடி மரச்சட்டம் வைத்துக் கட்டிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்தின் கீழே தூவலாம். எனினும் மணல் கிளம்புவதற்கே அதிகம் உதவும், நிற்பதற்கு அந்த அளவு உதவாது. சரிவான தெருவில் குடியிருப்பவர்களும் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களும் தனியாக ஒரு குளிர்கால செட் வைத்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மஞ்சள் விளக்கு எரிகிறது, காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது

முதல் குளிர் நாள் காலையில், டயரில் காற்று குறைவு என்று எச்சரிக்கும் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். அக்டோபரில் சரியாக இருந்த டயர் டிசம்பரில் 4, 5 பிஎஸ்ஐ குறைந்திருப்பது இயற்கை. ஆனால் விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று பொருளல்ல. கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் போட்டிருக்கும் அளவைவிட 25 விழுக்காடு குறைந்தால் அது எரிந்தாக வேண்டும் என்பது மட்டுமே விதி. 35 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் ஏறத்தாழ 26க்கு இறங்கும் வரை விளக்கு வாய் திறக்காமல் இருக்கலாம். இந்த விளக்கே ஒரு துயரத்தின் பின்விளைவாக வந்தது. 2000ஆம் ஆண்டு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயரின் ட்ரெட் (தரையைத் தொடும் மேல் அடுக்கு) பிரிந்து பல உயிர்கள் போன பிறகு, டயர் நிறுவனமான ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் புதிய இலகுரக வாகனங்கள் அனைத்துக்கும் இந்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது.

ஒரே டயர் மட்டும் வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ இழந்தால் சோப்புத் தண்ணீரை எடுங்கள். முதலில் பட்டன்களின் மேல் ஊற்றி ஆணியைத் தேடுங்கள், அடுத்து வால்வின் வாயிலும் அடியிலும், கடைசியாக ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு முழுவதும். என் வண்டியில் கடைசி இடத்தில்தான் கிடைத்தது. கடுகளவு நுரைகள், வரிசையாக, நிதானமாக விளிம்பிலிருந்து பொங்கி வந்தன. டயரைக் கழற்றியபோது அலுமினிய ரிம்மின் உதட்டில் வெள்ளை மாவு போலப் படிந்திருந்தது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அரித்த தடம் அது. கம்பித் தூரிகையால் வெறும் உலோகம் தெரியும் வரை தேய்த்து, விளிம்பில் சீலர் பூசி மறுபடி பூட்டியதும் கசிவு நின்றது. புது டயர் வாங்கச் சொன்னாலும் இந்தக் கசிவு தீர்ந்திருக்காது, ஏனென்றால் கோளாறு ரிம்மில் இருந்தது. பக்கச் சுவரில் ஆணி ஏறியிருந்தால் மட்டும் பஞ்சர் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மாற்றுவது ஒன்றே வழி.

சரக்கு ஏற்றினால் பின்பக்கம் நெளிகிறது

பயணிகள் வகை டயரைப் பிக்கப்பில் போடும்போது, அதன் தாங்குதிறனை 1.10ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 225/70ஆர்15 அளவில் சுமை எண் (ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) 100 என்றிருந்தால் அது 800 கிலோ. பிக்கப்பில் அதை 727 கிலோவாகக் கொள்ள வேண்டும். மாற்று டயர் வாங்கும்போது விலையைப் பார்த்துச் சுமை எண்ணில் ஒரு படி இறங்கிவிடுபவர்களுக்கு இந்த நெளிவு முதலில் தெரியும். எல்டி என்ற லாரி வகை டயரின் பக்கச் சுவர் கெட்டியானது, சுமைக்கு நல்லது. ஆனால் கூடுதல் அழுத்தம் கேட்கும், காலியாக ஓடும்போது இடுப்பை வாட்டும். மாதம் ஒருமுறை மட்டும் மண் ஏற்றும் என்னைப் போன்றவர்களுக்குப் பயணிகள் வகையே போதும். தினமும் சுமப்பவர்கள் எல்டிக்குப் போவதே நல்லது. அளவை மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 225/70ஆர்15க்குப் பதிலாக 235/75ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 5 விழுக்காடு கூடும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105இல் போய்க்கொண்டிருக்கும்.

பட்டன் இருக்கிறது, ஆனால் ரப்பரில் வெடிப்பு

குறைவாக ஓடும் பிக்கப்பில் தேய்மானத்தைவிட வயதுதான் முந்திக்கொள்கிறது. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். அந்த நான்கு இலக்கங்கள் வெளிப்புறத்தில் இல்லையென்றால் வண்டிக்கடியில் புகுந்து உட்புறச் சுவரில் தேட வேண்டும். ஃபோர்டு உள்ளிட்ட சில வாகன நிறுவனங்கள், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. மயிரிழை போன்ற மேலோட்டமான கோடுகளைக் கண்காணித்தால் போதும். நகம் உள்ளே இறங்கும் அளவுக்கு வெடித்திருந்தாலோ, பக்கச் சுவர் எங்கேனும் முட்டையாகப் புடைத்திருந்தாலோ அந்த டயரில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது.

இந்தச் சோதனையில் எல்லோரும் மறப்பது ஸ்டெப்னியை. பிக்கப்பில் அது சரக்குத் தளத்துக்கு அடியில் ஒரு கம்பி வடத்தில் தொங்குகிறது. உப்புத் தண்ணீர் பட்டு அந்த வடமும் அதை இறக்கும் சுருளும் துருப்பிடித்து இறுகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலிலேயே அதை முழுவதும் இறக்கி, காற்றையும் தேதியையும் பார்த்து, வடத்துக்கும் சுருளுக்கும் கிரீஸ் தடவி, மறுபடி ஏற்றி வையுங்கள். நான் முதல் முறை இறக்கிப் பார்த்தபோது அந்த டயரில் 11 பிஎஸ்ஐ காற்றுதான் இருந்தது.